வேன் கதவும் பிள்ளைகளின் விரல்களும்



உம்ரா செல்பவரை வழியனுப்பச் சென்னை விமான நிலையம் போவதானாலும், பரங்கிப்பேட்டையில் ஒரு நிக்காஹ் என்றாலும், விருத்தாசலத்தில் குடும்பமாகக் கிளம்ப நாம் வேனைத்தான் அமர்த்துகிறோம். எட்டுப் பேர் ஏறும்போது பிள்ளைகள் யார் மடியில், பெட்டி எங்கே என்று பார்க்கிறோம். கதவை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நகரும் அந்தக் கதவைப் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டிய சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

நகரும் கதவு நமக்குப் புதிதல்ல. 1984-இல் வந்த மாருதி வேன், பிறகு ஆம்னி என்ற பெயரில் 2019 வரை தயாரானது. இன்றைய ஈகோவிலும் அதே வகைக் கதவுதான். இவை கையால் இழுப்பவை. 2020-இல் இந்தியாவுக்கு வந்த கியா கார்னிவல், டொயோட்டா வெல்ஃபயர் போன்ற வண்டிகளில் பட்டனை அழுத்தினால் மோட்டார் கதவைத் திறந்து மூடும். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நம் பிள்ளைகள் பலர் ஓட்டுவதும் இத்தகைய வண்டிகளே.

"நடுவில் கை இருந்தால் கதவு தானே திரும்பிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். திரும்புவதற்கான ஏற்பாடு உண்டு. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். மோட்டாருக்கு ஏற்படும் தடையை வைத்தோ, கதவு விளிம்பின் ரப்பர் பட்டையில் படும் அழுத்தத்தை வைத்தோதான் இடையில் ஏதோ இருப்பதை அது உணர்கிறது. அதாவது, முதலில் விரல் நசுங்க வேண்டும். பிறகுதான் கதவு திரும்பும். குழந்தையின் மெல்லிய விரல் தரும் தடையோ மிகக் குறைவு.

இது வெறும் அச்சமல்ல. 2022, 2023 மாடல் கார்னிவல் வண்டிகளில் கதவு உரிய நேரத்தில் திரும்பாமல் போகலாம் என்று 2023-இல் அமெரிக்காவில் 51,568 வண்டிகளைக் கியா திரும்ப அழைத்தது. 9 பேர் காயமடைந்ததாகப் புகார்கள் வந்திருந்தன. கதவு மூடுமுன் ஒலி எழுப்பவும், மெதுவாக மூடவும் மென்பொருள் மாற்றப்பட்டது. 2016-இல் டொயோட்டா நிறுவனம் 2011 முதல் 2016 வரையிலான சியன்னா வேன்களில் ஏறத்தாழ 7,44,000-ஐ அங்கே திரும்ப அழைத்தது. கதவு மோட்டாரின் மின்சுற்றில் சுமை கூடி ஃபியூஸ் போனால், ஓடும்போதே கதவு திறந்துகொள்ளும் ஆபத்து அவற்றில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் வண்டிக்கு இப்படி அறிவிப்பு வந்துள்ளதா என்று விற்பனை நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கையால் இழுக்கும் கதவின் ஆபத்து வேறு. முழுவதும் திறந்து கொக்கியில் மாட்டாத கதவு, இறக்கத்தில் நிற்கும் வண்டியிலோ பிரேக் போடும்போதோ தானே உருண்டு வந்து மூடும். அது கனமான கதவு. திருப்பி அனுப்ப அதில் மோட்டாரும் இல்லை. திறக்கும்போதும் ஆபத்து உண்டு. கதவு பின்னோக்கிப் போகையில் வண்டியின் பின்பக்கம் கைவைத்து நிற்கும் குழந்தையின் கை இடுக்கில் மாட்டும். புர்காவின் ஓரமும் துப்பட்டாவும் கதவின் தண்டவாளத்தில் சிக்கிக்கொள்வதுண்டு.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து 2-ஆம் வகுப்புச் சிறுமி உயிரிழந்தாள். அதன் பின் தமிழக அரசு கொண்டுவந்த பள்ளிப் பேருந்து விதிகள், பிள்ளைகளைக் கவனிக்க ஓர் உதவியாளர் இருக்க வேண்டும் என்கின்றன. வாடகை வேனில் அந்த உதவியாளர் வேலையை நம்மில் ஒருவர்தான் செய்ய வேண்டும்.

எனவே கீழ்க்கண்டவற்றைப் பழக்கமாக்கிக்கொள்வோம்:

- கதவை ஒரு பெரியவர் மட்டுமே திறக்கவும் மூடவும் வேண்டும். "கைகளை மடியில் வையுங்கள்" என்று சொல்லி, எல்லாக் கைகளையும் கண்ணால் பார்த்த பிறகே மூட வேண்டும்.
- தானியங்கிக் கதவின் பட்டனும் ரிமோட்டும் விளையாட்டுப் பொருள் அல்ல. சிறு பிள்ளைகள் இருந்தால் சைல்டு லாக்கைப் போடுங்கள். தானியங்கி வசதியை நிறுத்தி வைக்கும் சுவிட்சும் உண்டு, டிரைவரிடம் கேளுங்கள்.
- வண்டி முழுவதும் நின்ற பிறகே இறங்குங்கள். இருபுறமும் கதவு இருந்தால் சாலையோரமான இடதுபுறம் மட்டும் இறங்குங்கள்.
- கதவு சரியாகப் பிடிக்காத வண்டியை, வாடகை குறைவு என்பதற்காக அமர்த்தாதீர்கள்.
- 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு சீட் பெல்ட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். கதவு திறந்துகொண்டாலும் பிள்ளையை உள்ளே பிடித்து வைப்பது அந்தப் பட்டைதான்.

விரல் நசுங்கிவிட்டால், வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். துணியில் சுற்றிய ஐஸை ஒத்தடமாக வையுங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் அப்ப வேண்டாம். விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மீது வைத்துக் கொண்டு செல்லுங்கள்; ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. 108-ஐ அழையுங்கள்.

வேன் ஓட்டிப் பிழைக்கும் நம் தம்பிமார் இதழ் படிக்க நேரமில்லாதவர்கள். அடுத்த முறை வண்டி அமர்த்தும்போது இதை அவர்களிடம் பேசுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்கும் படித்துக் காட்டுங்கள். ஏனெனில் பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றி இறக்குவது பெரும்பாலும் அவர்களே.