கல்மரத்துக்குப் பெயர் வைப்பது யார்?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எத்தனை அடி போர் போட்டாலும் கல்மரம் கிடைக்காது. இந்தப் பக்கத்துப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழசு. அன்று உலகில் மரமே கிடையாது. ஆத்தூர் வழியாகக் கிழக்கே இறங்கினால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலோ, சுமார் 2 கோடி ஆண்டு வயதுள்ள கல்மரங்கள் காடாகவே சாய்ந்திருக்கின்றன.

திருவக்கரை மரம் ஒன்றின் பெயர்க் கதை, பட்டா பெயர் மாற்றத்தைவிடச் சிக்கலானது. செல் கோட்பாட்டால் பள்ளிப் பாடத்தில் இடம்பிடித்த ஜெர்மானியர் ஷ்லைடன், 19ஆம் நூற்றாண்டில் அதை ‘பியூசே ஷ்மிடியானா’ என்றார். 1931இல் இந்தியத் தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி ‘மெசெம்ப்ரியாக்சிலான் ஷ்மிடியானம்’ என்று மாற்றினார்.

எதைப் பார்த்து இப்படிப் பெயர் வைக்கிறார்கள்? கல்லைச் சீவி, ஒளி ஊடுருவும் அளவுக்கு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனத்துக்குத் தேய்ப்பார்கள். குறுக்காக ஒன்று, நெடுக்காக இரண்டு, ஆக மூன்று வெட்டுகள். நீர் ஏறும் அகன்ற குழாய்கள் இல்லையா? அநேகமாக ஊசியிலை வகை. பிறகு செல் சுவரில் உள்ள நுண்குழிகளின் வடிவமும் வரிசையும் மிச்சத்தைச் சொல்லும்.

கட்டைக்கென்று தனிப்பெயர் ஏன்? இலையும் மகரந்தமும் கட்டையும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடைப்பதில்லை. ஆல்டர் மரத்தையே பாருங்கள்: தொல்லிலை ‘ஆல்னஸ்’, மகரந்தம் ‘ஆல்னிபொலனைட்ஸ்’, கட்டை ‘ஆல்னாக்சிலான்’. மூன்றும் ஒரே மரத்துடையவை என்று நிரூபிக்க, சேர்ந்தாற்போல் கிடைத்த சான்று வேண்டும்.

சாஹ்னி எடுத்துக்கொண்ட பேரினமும் நிலைக்கவில்லை. தொல்தாவரவியலாளர் கோத்தான் 1905இல் வைத்த ‘போடோகார்பாக்சிலான்’ உள்ளிட்ட இரு பெயர்களுக்குப் பதிலாக, 1919இல் அதே துறையின் சீவார்ட் புதிதாகச் சூட்டிய பெயர் அது. முறையாக வெளியான பழைய பெயர் இருக்க, அதைத் தள்ளிவிட்டுப் புதிது வைக்கத் தாவரப் பெயரிடல் விதி இடம் தராது. 2001இல் ஆய்வாளர்கள் பாம்ஃபோர்டும் ஃபிலிப்பும் இதை எடுத்துக்காட்டினர்.

திருவக்கரைக் கட்டையின் நெருங்கிய சொந்தமாகக் கருதப்படும் போடோகார்ப் குடும்பத்தில் ஒன்று இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிறது. தென்னிந்தியாவின் ஒரே இயல்வகை ஊசியிலை மரமான அதற்கு இலையோ அகலம். அதுவும் முன்பு ‘போடோகார்பஸ்’. இப்போது ‘நாகேயா வாலிச்சியானா’.