யானைக்கால் மாத்திரை தந்த மேதை

யானைக்கால் நோய்க்கு அஞ்சாத குடும்பம் அந்த நாள் புதுச்சேரியில் இல்லை. சாக்கடைக் கொசு இந்த நோயைப் பரப்புகிறது. நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் ரத்தத்தில் அதிகம் உலவும். அதனால்தான் ஊர் உறங்கும் வேளையில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 1975-ல் இந்நகரில் கொசு ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது.

ரத்தத்தில் புழு இருந்தால் டி.இ.சி. மாத்திரை தருவார்கள். அதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்!

1895-ல் பீமவரத்தில் பிறந்த அவர், 1923-ல் அமெரிக்கா சென்றார். 1925-ல் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறத்தைக் கொண்டு அளக்கும் முறை அது.

ஒரு கட்டுரையைப் பிற விஞ்ஞானிகள் எத்தனை முறை எடுத்துக் காட்டினார்கள் என்று கணக்கு வைப்பது உண்டு. ஆராய்ச்சியாளருக்கு அதுவே மதிப்பெண். சுப்பாராவின் கட்டுரையை ஆயிரக்கணக்கான முறை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்!

1947-ல் யானைக்கால் மருந்து பற்றிய கட்டுரை வெளிவந்தது. எழுதிய ஆறு பேரில் அவர் பெயர் கடைசி. மறு ஆண்டே, 53 வயதில் மறைந்தார்.

கட்டுரையை எடுத்துக் காட்டியவர்களை எண்ணிவிடலாம். மாத்திரை விழுங்கிக் காலைக் காத்துக்கொண்டவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? யானைபோல் பருத்த கால் பழையபடி ஆவது அரிது. முன்கூட்டியே சோதித்துக்கொண்டவர் பிழைத்தார். அவர் நடக்கும் ஒவ்வோர் அடியும் சுப்பாராவுக்கு ஒரு மதிப்பெண் அல்லவா?