மரம் உளுப்பதும் மட்குவதும்

தோட்டத்து வேலிக்காலைப் பிடுங்கிப் பார்த்தவர் ஓர் உண்மையை அறிவர். மேலே நின்ற பகுதி கெட்டியாக இருக்கும். மண்ணுள் ஆழப் புதைந்த அடியும் அத்துணை கெட்டிராது. மண்மட்டத்தில் உள்ள சாண் அளவு இடமே இற்றுப்போயிருக்கும். இஃது ஏன்? இவ்வினாவிற்கு விடை கண்டால், கோல சிலாங்கூர் ஆற்றுமுகத்துப் பழைய கண்ணாடியிழைப் படகின் மேல்தளம் காலடியில் நெகிழ்வது ஏன் என்பதும் விளங்கும்.

முதற்கண் சொற்களை வேறுபடுத்திக் காண்போம். மரத்தைத் துளைக்கும் புழுவிற்கு ‘உளு’ என்பது பெயர். ஆதலின், உளுத்தல் புழுவால் வருவது. செல்லரித்தல் கறையானால் வருவது. மட்குதல் இவ்விரண்டின் வேறானது. அது பூசணத்தின் செயல். கண்ணுக்குப் புலப்படாத நூலிழைபோல் மரத்தினுள் பரவி, மரத்திற்கு உறுதி தரும் பொருளையே அது கரைத்து உண்கிறது. பேச்சு வழக்கில் மூன்றையும் ‘உளுத்துப் போயிற்று’ என்று சொல்லிவிடுகிறோம். பெயர் மயங்கினால் மருந்தும் மயங்கும்.

பூசணம் வாழ நான்கு வேண்டும்: உணவாகிய மரம், ஈரம், காற்று, மிதமான சூடு. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைந்தால் பூசணம் தழைக்காது. முழுதும் நீரில் மூழ்கினாலும், காற்றின்மையால் தழைக்காது. மண்மட்டத்திலோ நான்கும் கூடுகின்றன. 1628-இல் சுவீடனில் மூழ்கிய வாசா என்னும் மரப் போர்க்கப்பல், 1961-இல் பெரும்பாலும் உருக்குலையாமல் மேலே எடுக்கப்பட்டது. காற்றுக் குறைந்த குளிர்நீர் பூசணத்தைத் தடுத்தது; பால்டிக் கடலில் உப்புக் குறைவாதலின் மரந்துளைக்கும் கப்பற்புழுவும் அணுகவில்லை. ஆங்கிலத்தார் ஒருவகை மட்கலை ‘டிரை ராட்’ என்பர். அதனை ‘உலர் அழுகல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து மாணவர்க்கு உரைத்தால், உலர்ந்த மரமே கெடும் என்ற பிழையான எண்ணம் வேரூன்றும்.

இனிப் படகிற்கு வருவோம். பழைய படகுகள் பலவற்றின் மேல்தளம் மூவடுக்குக் கொண்டது. மேலும் கீழும் கண்ணாடியிழைத் தோல், நடுவே ஒட்டுப்பலகை. கயிறு கட்டும் இரும்பைப் பொருத்தத் தோலைத் துளைத்துத் திருகாணி முடுக்குவர். நாளடைவில் அத்துளை நெகிழ, மழைநீர் கசிந்து இறங்கும். புகுந்த நீர்க்கு வெளியேற வழியில்லை. கடல்நீரின் உப்பு பூசணத்தை ஓரளவு தடுக்கும். மழைநீர் அதனை வளர்க்கும். தமிழகத்து மீனவர் கரையேறியதும் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். உறைக்குள் அடைபட்ட பலகைக்கு அந்தப் பேறு இல்லை.

நான் அறிந்த படகொன்றில், நெகிழ்ந்த தளத்தின்மேல் இன்னொரு கண்ணாடியிழைப் படலத்தை ஒட்டினர். பார்வைக்குப் புதிதாயிற்று. ஓராண்டு கழியுமுன், வலை இழுத்தவரின் கால் முழங்கால் வரை உள்ளே சென்றது. நோயை மூடினரேயன்றித் தீர்த்தாரில்லர்.

தீர்க்கும் முறை வேறு. சிறு சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே செல்க. நல்ல இடம் கணீரென ஒலிக்கும். மட்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். அவ்வெல்லையைக் குறித்து, மேல்தோலை அறுத்து எடுக்க வேண்டும். இழைத்தூள் நுரையீரலுக்குத் தீங்காதலின் முகமூடி இன்றியமையாதது. மட்கிய பலகையை, உறுதியான மரம் தோன்றும்வரை சுரண்டி நீக்கி, எஞ்சியதை நன்கு உலர்த்துக. ஈரமரத்தில் ஊற்றும் பிசின் உள்ளே ஊறாது. ஆதலின் உலர்த்தலில் அவசரம் கூடாது. பிறகு புதிய கடற்பயன் ஒட்டுப்பலகையை எப்பாக்சிப் பிசினில் பதித்து, மேலே கண்ணாடியிழையைப் படலம் படலமாக ஒட்டுவர். திருகாணித் துளையைத் தேவைக்குமேல் அகலமாகத் துளைத்து, எப்பாக்சியால் அடைத்து, அது இறுகியபின் நடுவே மீண்டும் துளையிட்டால், பின்னாளில் நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பிலும் காட்டலாம். எளிதில் மட்கும் ரப்பர் மரத்துண்டுகள் மூன்று எடுத்து, ஒன்றை அலமாரியில் வையுங்கள். ஒன்றை நீரில் முழுதும் அமிழ்த்துங்கள். ஒன்றை ஈரமண்ணில் பாதி புதையுங்கள். சில மாதங்கள் சென்றபின் மாணவரே மூன்றையும் கத்தி முனையால் குத்திப் பார்க்கட்டும். எது மட்கியது, ஏன் மட்கியது என்று அவர்கள் சொல்லும்போது, ‘உளுத்தது’ என்னாமல் ‘மட்கியது’ என்று சொல்லப் பழக்குங்கள்.