முனையில்லாத கம்பி

மெலிந்த காற்றில் தீப்பொறி கக்கிய ஒரு ஆன்டெனா, போதகரான ஒரு வானொலிப் பொறியாளரின் விடுமுறையை விழுங்கியது. அவர் கண்ட விடை இன்று இந்திய மொட்டை மாடிகளிலும் நிற்கிறது.

ஹைதராபாத்தின் பாலாநகரில் தயாராகும் வானொலிக் கருவிகளில் பலவற்றின் வேலை தரையில் இல்லை, ஆகாயத்தில். மிக்-21 விமானங்களுக்கான மின்னணுக் கருவிகளைச் செய்வதற்காக 1965-ல் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இங்கே தன் பிரிவைத் தொடங்கியது. வருவது நண்பனா எதிரியா என்று சொல்லும் கருவி, தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ மானி எல்லாம் இங்கிருந்து போனவை. விமானத்தில் ஏறும் எந்தக் கருவிக்கும் ஒரு அக்கினிப் பரீட்சை உண்டு. மூடிய அறையில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த நிலையிலும் அது ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

காரணம் எளிது. 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய கால் பங்குதான். காற்று மெலிய மெலிய மின்சாரத்துக்குத் துணிச்சல் கூடும். தரையில் கம்பிக்குள் அடங்கிக் கிடந்த மின் அழுத்தம், உயரே போனதும் கூர்முனை கண்ட இடத்தில் ஊதாநிற ஒளியாகக் கசியும். சில சமயம் தீப்பொறியாகவே பாயும்.

பாலாநகரில் தொழிற்சாலை எழும்புவதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் முன்பே, விமானத்தில் ஏறாமலே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டார் ஒரு அமெரிக்கர். அவர் பெயர் கிளாரன்ஸ் மூர். போதகர், பொறியாளர், அமெச்சூர் வானொலிப் பித்தர். மூன்றும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

மூர் பணியாற்றியது தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் இருந்த எச்.சி.ஜே.பி. நிலையத்தில். 1931-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று மிகக் குறைந்த சக்தியுடன் தொடங்கிய கிறிஸ்தவ ஒலிபரப்பு அது. 1940-ல் அதன் சக்தி 10 கிலோவாட் ஆனது. தொலைதூர நேயர்களை எட்டுவதற்காக, அலைகளை ஒரே திசையில் குவித்து அனுப்பும் பல உறுப்பு ஆன்டெனாவும் உயர்ந்தது. அங்கேதான் வந்தது வினை.

கீட்டோ நகரம் ஆண்டிஸ் மலைத்தொடரில் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலைவிட 700 மீட்டருக்கும் மேல் உயரம். அங்கே காற்று மெலிவு. ஆன்டெனாக் குழாய்களின் நுனிகளில் ஒளி வட்டங்கள் தோன்றின. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது அழகு; பொறியாளருக்கோ வயிற்றெரிச்சல். அலுமினிய நுனிகள் உருகித் துண்டு துண்டாக விழுந்தன. தூரதேசத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டிய சக்தி, தன் ஆன்டெனாவையே தின்றுகொண்டிருந்தது.

முதல் வைத்தியம் நாட்டு வைத்தியம். கழிவறை ஃபிளஷ் தொட்டிகளில் மிதக்கும் 6 அங்குலச் செப்புப் பந்துகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு நுனியிலும் பொருத்தினார்கள். முனை மழுங்கினால் கசிவு குறையும் என்பது சரியான கணக்குத்தான். ஆனால் நோய் தணிந்ததே தவிர நீங்கவில்லை.

1942-ல் மூருக்கு ஒரு சின்ன விடுமுறை கிடைத்தது. கடலோரச் சிற்றூரான பொசோர்ஹாவுக்குப் போனபோது மூட்டையில் இருந்தவை பொறியியல் புத்தகங்கள். மூங்கில் குடிலின் தரையில் அவற்றை விரித்துப்போட்டு உட்கார்ந்தார். கடவுள் துணையிருந்தால் வழி பிறக்கும் என்று நம்பினார். அதற்காகக் கணக்குப் போடுவதை விட்டுவிடவில்லை. ஜெபமும் கணக்கும் ஒரே தரையில் நடந்தன.

விடை கேள்வியிலேயே ஒளிந்திருந்தது. கம்பியின் முனையில்தான் மின் அழுத்தம் உச்சத்தைத் தொடுகிறது. முனையே இல்லாவிட்டால்? மூர் கம்பியைச் சதுரமாக வளைத்து மூடிவிட்டார். சதுரத்தின் சுற்றளவு ஒரு முழு அலைநீளம். ஒவ்வொரு பக்கமும் கால் அலைநீளம். 25 மீட்டர் அலைவரிசைக்கு ஒரு பக்கம் 6 மீட்டருக்குச் சற்று அதிகம். அதன் பின்னால், அலைகளைத் திருப்பி முன்னோக்கி அனுப்ப இன்னொரு சதுரம். கூர்முனை போயிற்று, கூடவே தீப்பொறியும் போயிற்று. அதே உயரத்தில் அதே சக்தியைப் புதிய ஆன்டெனா சத்தமில்லாமல் தாங்கியது. ‘கியூபிகல் குவாட்’ என்று உலகம் பெயர் சூட்டிய அந்த வடிவமைப்புக்கு 1951-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது.

நாடு திரும்பிய மூர், 1947-ல் இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரில், முன்பு கோழிகள் அடைந்த கொட்டகை ஒன்றில் தொழில் தொடங்கினார். மிஷனரிகள் காட்டிலும் மேட்டிலும் தூக்கிச் செல்லும்போது உடையாத டேப் ரெக்கார்டர்தான் ஆரம்பச் சரக்கு. நிறுவனத்தின் நீண்ட பெயர் வாயில் நுழையவில்லை. அதைச் சுருக்கலாம் என்று யோசனை சொன்னது மனைவி ரூபி. சின்னத்தில் இருந்த மகுடமே பெயரானது: கிரவுன். கச்சேரி மேடைகளில் இன்றும் ஒலிபெருக்கிக்காரர்கள் மதிக்கும் ஆம்ப்ளிஃபயர் பெயர் அது. 2000-ல் ஹார்மன் நிறுவனம் அதை வாங்கியது. புதிய விமான நிலையத்துக்காகக் கீட்டோவின் பழைய சிற்றலைக் கோபுரங்கள் 2009-ல் மௌனமாயின. சதுரக் கம்பி மட்டும் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் அது பணக்காரக் கருவி அல்ல. மூங்கில் கழிகளைப் பெருக்கல் குறிபோலக் கட்டி, செப்புக் கம்பியைச் சுற்றினால் போதும். பாலாநகர் இருக்கும் அதே ஹைதராபாத்தில்தான் 1983 முதல் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகம் இயங்குகிறது. அதன் ஏற்பாட்டில் 2004 டிசம்பரில் அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத், உலகெங்கும் உள்ள அமெச்சூர் நிலையங்களுடன் பேசிக்கொண்டிருந்தார். டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. டெலிபோன்கள் செத்துக் கிடந்த போர்ட் பிளேரிலிருந்து அவர் குரல் பிரதான நிலத்தை எட்டியது. யார் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்தி அந்த வழியாகவே பல குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

வானொலிப் பொறியாளரின் வேலை கடைசியில் இதுதான்: சக்தி வழியிலேயே சிந்திவிடாமல், காத்திருக்கும் வீட்டுக்குக் குரலைக் கொண்டு சேர்ப்பது. மூங்கில் குடிலின் தரையில் மூர் போட்ட கணக்கும் அதற்காகத்தான்.