ஆண்டு முழுதும் ஒரு வழி – 9: கேள்வி கேட்காமல் சாப்பாடு கிடையாது

சென்ற வாரம் பார்த்த ஓய்வுநாள் வாரந்தோறும் வருவது. இந்த வாரம் பார்க்கப்போவது ஆண்டுக்கொரு முறை வரும் ராத்திரி. தமிழில் பைபிள் படித்தவர்களுக்குப் ‘பஸ்கா’ என்றால் தெரியும். யூதர்கள் சொல்லும் பெயர் பெசாக். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோர் விடுதலையாகி வெளியேறியதை நினைக்கும் திருநாள். நிசான் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வரும்.

வேலை பல நாள் முன்பே தொடங்கிவிடும். பெசாக் நாட்களில் வீட்டுக்குள் புளித்த மாவுப்பண்டத்தின் ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது. அலமாரி, சட்டைப்பை, சோபா இடுக்கு என ஒன்றுவிடாமல் துடைப்பார்கள். முந்தின இரவு விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கடைசித் தேடல். துணுக்குகளை இறகால் மரக்கரண்டியில் தள்ளி எடுப்பார்கள். இவ்வளவு துடைத்த வீட்டில் என்ன அகப்படும்? அதனால் பத்து ரொட்டித் துண்டுகளை வீட்டார் தாங்களே ஒளித்துவைத்துத் தேடும் வழக்கமும் உண்டு. அகப்பட்டதை மறுநாள் காலை எரித்துவிடுவார்கள்.

அவசரமாகக் கிளம்பிய முன்னோருக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அதன் நினைவாகத்தான் ‘மட்சா’ என்னும் புளிப்பில்லா அப்பம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அடுப்பில் வெந்தாக வேண்டும் என்பது கணக்கு.

இருட்டியதும் குடும்பம் மேசையைச் சுற்றி உட்காரும். இந்த விருந்துக்குச் ‘செடர்’ என்று பெயர். ஒழுங்கு, வரிசை என்று பொருள். ஒவ்வொன்றும் அதனதன் முறைப்படி நடக்கும். கீரைத் தழையை உப்புநீரில் தோய்த்துத் தின்பார்கள். உப்பு, அடிமைகளின் கண்ணீர். முள்ளங்கி இனத்துக் காரக் கிழங்கைத் துருவிக் கடிப்பார்கள். கண்ணில் நீர் முட்டும், அது அந்த வாழ்வின் கசப்பு. ஆப்பிளையும் கொட்டைகளையும் பட்டையோடு இடித்துத் திராட்சைமது சேர்த்த பழுப்பு விழுது, செங்கல் அடுக்கக் குழைத்த சேறு. சேறுதான் தித்திக்கும்.

பிள்ளைக்குப் பசிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் எதற்குக் கீரையைத் தோய்க்கிறார்கள், ரொட்டி ஏன் இல்லை என்று விழிக்கும். அப்படி விழிக்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வீட்டின் கடைக்குட்டி எழுந்து, மற்ற இரவுகளைப்போல் ஏன் இந்த இரவு இல்லை என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் ‘ஹகாதா’ நூலைப் படித்து விடுதலைக் கதையைச் சொல்லுவார்கள். மட்சாவில் பாதியை ஒளித்துவைத்து, கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதும் கதை முடியும்வரை தூங்கவிடாமல் வைக்கத்தான். இன்னொரு வியப்பு: முன்னோரை எகிப்திலிருந்து அழைத்துவந்த தலைவர் மோசேயின் பெயர் இந்த நூலில் அநேகமாக இல்லவே இல்லை. விடுவித்தவன் இறைவன் ஒருவனே என்பதற்காக என்று விளக்கம் சொல்வார்கள்.

எகிப்தியர்மேல் விழுந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு மதுவைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். பகைவனாயிருந்தாலும் மாண்டவன் மனிதன்; நம் சந்தோஷம் அந்த அளவுக்குக் குறையட்டும் என்பது பலர் தரும் விளக்கம்.

ஒரு காலத்தில் இது எருசலேம் ஆலயத்தில் ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு உண்ட திருநாள். கி.பி. 70-ல் ரோமானியர் ஆலயத்தை இடித்தார்கள். பலிபீடம் போயிற்று, பலியும் நின்றது. இன்று தட்டில் ஓர் எலும்புத்துண்டு மட்டும் அதன் அடையாளமாக இருக்கிறது. பண்டிகை கோயிலைவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. பூசாரி இருந்த இடத்தில் தாயும் தகப்பனும். பலியிருந்த இடத்தில் பிள்ளையின் கேள்வி.

பிள்ளை இல்லாத வீடு? அதற்கும் யூதர்களின் பழைய சட்டநூலான தல்மூது வழி சொல்லியிருக்கிறது. மனைவி கேட்கவேண்டும். சட்டமெல்லாம் கரைத்துக் குடித்த இரண்டு பண்டிதர்கள் உட்கார்ந்திருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டாகவேண்டும். துணைக்கு யாருமே இல்லாதவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கதை, கதைக்கு அப்புறம்தான் சாப்பாடு.

அடுத்த வாரம்: கூரை வழியே நட்சத்திரம் தெரியவேண்டிய குடில்.

(தொடரும்)