மாரடைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புற்றுநோய்

காரணமில்லாமல் ஒருவருக்கு ரத்தம் உறைந்தால், அவர் உடம்பில் எங்கேனும் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடுங்கள். பாரிஸ் மருத்துவர் அர்மான் ட்ரூஸோ 1860-களில் தன் மாணவர்களுக்குக் கற்பித்த பாடம் இது. 1867 தொடக்கத்தில் அவருடைய இடது கையிலேயே ரத்தம் உறைந்தது. தனக்கு வந்திருப்பது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆண்டே இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

ட்ரூஸோ பார்த்தது சிரைகளை. தமனிகளும் தப்புவதில்லை என்பதை 2019-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. புற்றுநோய் கண்டறியப்பட்ட 3,70,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். நோய் தெரியவருவதற்கு 5 மாதம் முன்பிருந்தே மாரடைப்பும் பக்கவாதமும் கூடத் தொடங்கியிருந்தன. கடைசி ஒரு மாதத்தில் மட்டும் 1,000 பேரில் சுமார் 6 பேருக்கு இவற்றில் ஒன்று வந்திருந்தது. மற்ற முதியவர்களில் சுமார் ஒருவருக்குத்தான். நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களில் இந்தத் தொடர்பு அதிகம். புகைப்பழக்கம் இரண்டு நோய்க்கும் பொதுவான காரணம்தான். ஆனால் கடைசி மாதங்களில் திடீரென்று ஏறும் எண்ணிக்கைக்குப் புகை மட்டுமே விளக்கமாகாது.

புற்றுநோய்ச் செல்கள் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை வெளியிடுகின்றன, தட்டணுக்களைத் தூண்டுகின்றன. அரிதாக, கிருமித் தொற்றே இல்லாமல் இதய வால்வில் படியும் உறைவு பிய்த்துக்கொண்டு போய் இதயத் தமனியை அடைக்கும். குடலில் மாதக்கணக்கில் ரத்தம் கசிந்து சோகை முற்றினாலும், ஏற்கெனவே சுருங்கிய தமனிகளுள்ள இதயம் பிராணவாயு போதாமல் திணறும். பாலிசைத்தீமியா வேரா என்னும் ரத்தப் புற்றுநோய் சிலருக்கு மாரடைப்பாகவே முதலில் வெளிப்படுகிறது. அதைச் சந்தேகிக்க, எல்லா மருத்துவமனைகளிலும் எடுக்கும் சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையே போதும். அந்தச் சீட்டில் ஹீமோகுளோபின் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் யாரும் அதைத் தாண்டிப்போகக் கூடாது.

மாரடைப்பு வந்தவர்கள் எல்லாரும் உடல் முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலோருக்குக் காரணம் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைதான். ஆஞ்சியோவில் கொழுப்புப் படிவே இல்லாமல் உறைவு மட்டும் தெரிந்தாலோ, பல இடங்களில் ரத்தம் உறைந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மேலே தேட வேண்டும். ஸ்டென்ட் வைத்தபின் மலம் கறுத்துப் போனாலோ ரத்தம் கலந்து வந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். மறைந்திருந்த குடல் புற்றுநோயை அந்த மாத்திரை வெளியே காட்டியிருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.