மின்னழுத்தம், மின்னோட்டத்திலிருந்து மின்தடையும் மின்திறனும் கணித்தல்

ஒரு மின்சுற்றில் மின்னழுத்தம் (V), மின்னோட்டம் (I) ஆகிய இரண்டையும் அளந்துவிட்டால், அதன் மின்தடையையும் (R) அது செலவிடும் மின்திறனையும் (P) கணக்கிடலாம். செருமானிய இயற்பியலாளர் கியார்க் சைமன் ஓம் 1827 இல் வெளியிட்ட ஓம் விதி இக்கணிப்பின் அடிப்படையாகும்.

வாய்பாடுகள்

மின்தடை: R = V ÷ I (அலகு: ஓம்)
மின்திறன்: P = V × I (அலகு: வாட்)

இவ்விரண்டையும் இணைத்தால் P = I² × R, P = V² ÷ R ஆகியவை கிடைக்கும்.

எடுத்துக்காட்டு

230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.35 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதன் மின்தடை 230 ÷ 4.35 = 52.9 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகக் குறைந்தால், திறன் 180² ÷ 52.9 = 612 வாட் மட்டுமே. மின்னழுத்தம் 22 விழுக்காடு குறையும்போது திறன் 39 விழுக்காடு குறைகிறது. திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம்.

மின்கம்பியில் ஏற்படும் இழப்பு

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் போன்ற ஊர்களில், மின் இணைப்பிலிருந்து தொலைவில் உள்ள கிணற்றுக்குக் கம்பி இழுக்கும்போது இக்கணக்கு பயன்படும். தொலைவு 100 மீட்டர், ஒருமுனை மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் 7 ஆம்பியர் எனக் கொள்க. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் கம்பியின் மொத்த நீளம் 200 மீட்டர்.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி: மின்தடை 2.42 ஓம், மின்னழுத்த வீழ்ச்சி 17 வோல்ட், வெப்பமாக வீணாகும் திறன் 119 வாட்.
4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி: மின்தடை 0.92 ஓம்; வீழ்ச்சி 6.5 வோல்ட், வீணாகும் திறன் 45 வாட்.

மோட்டார் தொடங்கும்போது இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அது 25 ஆம்பியர் என்றால் மெல்லிய கம்பியில் ஏறத்தாழ 60 வோல்ட் வீழும். எஞ்சிய மின்னழுத்தம் போதாமல் மோட்டார் சுழலாது உறுமி நிற்கலாம். உடனே நிறுத்தாவிட்டால் அதன் சுருள் சூடேறிக் கருகிவிடும்.

மோட்டாருக்கான வரம்புகள்

இஸ்திரிப் பெட்டி போன்ற வெப்பக் கருவிகளுக்கு மேற்கண்ட வாய்பாடுகள் அப்படியே பொருந்தும். மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடும் மோட்டாருக்கு 230 ÷ 7 = 32.9 ஓம் என்பது அதன் மின்மறிப்பு. சுருளின் மின்தடை அன்று. சுருளின் மின்தடை இதைவிட மிகக் குறைவு. இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பன்மானியால் அதை அளக்க வேண்டும்.

மோட்டாரின் திறனைக் காண V × I உடன் திறன் காரணியையும் பெருக்க வேண்டும். திறன் காரணி 0.8 எனில், 230 × 7 × 0.8 = 1288 வாட்.

மின்னழுத்தம் குறைந்தால் இஸ்திரிப் பெட்டி குறைந்த மின்னோட்டத்தை எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நீரேற்று மோட்டாரோ சுமையை இழுக்கக் கூடுதல் மின்னோட்டத்தை எடுக்கும். சுருளில் உண்டாகும் வெப்பம் I² × R என்பதால், மின்னோட்டம் 20 விழுக்காடு கூடினால் வெப்பம் 44 விழுக்காடு கூடும். குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார்கள் கருகுவதற்கு இதுவே காரணம். மிகைச்சுமைக் காப்பு பொருத்துவதும், தொலைவுக்கேற்ற தடிமனில் கம்பி இடுவதும் இதைத் தவிர்க்க உதவும்.